யார் ஊர்க் காளான்?

விடிகாலையில்தான் மழை விட்டிருந்தது. பால் பாக்கெட் வாங்க மாடியிலிருந்து இறங்கிய கார்த்திகா, மைதானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

புல்லின் மேல் யாரோ ஒரு பெரிய வட்டம் போட்டிருந்தார்கள்.

சுண்ணாம்பு வட்டம் இல்லை. கோலமும் இல்லை. குடைகள்! வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல், வரிசையாக நின்ற காளான் குடைகள். சில, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்திருந்தன. சில, முட்டை மாதிரி இன்னும் மூடியிருந்தன. வட்டத்துக்குள் ஒரு பைக்கை ஓட்டித் திருப்பலாம். அவ்வளவு பெரியது.

நேற்று மாலை இதே இடத்தில்தான் அவள் இறகுப்பந்து ஆடினாள். அப்போது வெறும் புல்தான் இருந்தது.

கார்த்திகா செருப்பைக் கழற்றினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மெல்ல நடந்து வட்டத்தின் நடுவில் போய் நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் குடைகள். சத்தம் போட்டால் எல்லாம் மண்ணுக்குள் ஓடிவிடுமோ என்று பயந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

'யார் போட்ட வட்டம் இது? கோணாமல் வர யார் கயிறு பிடித்தார்கள்?'

"அக்கா! பால் எங்க?" என்று ஜன்னலிலிருந்து கத்தினான் தம்பி எழில். உடனே அவன் கண் விரிந்தது. "ஐ! அது என்ன? சாப்பிடலாமா?"

ஆறு வயது எழிலுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பொருள்கள்தான். சாப்பிடக்கூடியவை ஒரு வகை. இன்னும் சாப்பிட்டுப் பார்க்காதவை இன்னொரு வகை.

அவன் போட்ட கூச்சலில் பிளாக் முழுவதும் கீழே இறங்கிவிட்டது.

ஆவடியில், சேக்காடு பக்கம் இருந்த தொழிற்சாலைக் குடியிருப்பு அது. ஒரு படிக்கட்டைச் சுற்றி எட்டு வீடுகள். வீட்டுக்கு ஓர் ஊர்க்காரர்கள். தண்ணீர் வரவில்லை என்றால் எட்டு ஊர்ப் பேச்சிலும் திட்டு கேட்கும்.

முதலில் வந்தவர் எத்திராஜ் மாமா. தொழிற்சாலையில் ஃபிட்டர். பிளாக்கில் எந்த விசேஷம் என்றாலும் அடுப்பு அவருடையது. வேறு யாராவது கரண்டியைத் தொட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

"இன்னா கார்த்தி, செருப்பு கயட்டிட்டு நிக்கிற? சாமி கும்பிடுறியா?" என்றபடி வந்தவர், குடைகளைப் பார்த்ததும் குதித்தார். "அட்ரா சக்கை! வைக்கப்போர் காளான்! மேனாம்பேட்ல நாங்க சின்னப் பசங்களா கீறப்போ, அறுப்பு முட்ச்ச வயலாண்ட வைக்கப்போர் மக்கிக் கெடக்கும். மழ வுட்டா போதும், முட்ட முட்டயா வந்துகினே இருக்கும். இன்னா டேஸ்ட்டு தெரியுமா!"

எதிர்வீட்டு அனுசுயா அத்தைக்குக் கோபிச்செட்டிபாளையம் பக்கம். "வைக்கப்போரா? ஏனுங்கண்ணா, இது நம்மூர்ப் புத்துக்காளானுங்க! இடி இடிச்ச மறுநாள் கூடையத் தூக்கீட்டு ஓடுவோம். கறிக்கொழம்பு தோத்துப் போயிருமுங்க."

கார்த்திகாவின் அம்மா பார்வதம் சங்கரன்கோவில்காரி. அவளும் குனிந்து ஒரு குடையை முகர்ந்து பார்த்தாள். "அரிசிக்காளான்லா இது!"

"அரிசி மாதிரிப் பொடிசா இருக்கும்னு சொன்னியேம்மா? இது தட்டு மாதிரி இருக்கே?" என்றாள் கார்த்திகா.

"இந்த ஊர்ல மழை கூடப் பெய்யுதுல்லா? நல்லா வளந்திருக்கு" என்றாள் அம்மா, கொஞ்சமும் அசராமல்.

"மூணு பேரு சொல்லிட்டோம். அப்பால இன்னா?" எத்திராஜ் மாமா கையைத் தட்டினார். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம. சாயங்காலம் இங்கயே பாய் போடுறோம். சப்பாத்தியும் காளான் கொயம்பும். கண்டுபுட்ச்சது யாரு? நம்ம கார்த்தி! அதனால, இது கார்த்தி விருந்து!"

எல்லோரும் கை தட்டினார்கள். கார்த்திகாவுக்குக் காது வரை சூடானது. ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது ரேங்க் வாங்கியபோதுகூட யாரும் அவள் பெயரில் விருந்து வைக்கவில்லை.

ஆனால் கத்தியும் முறமும் வந்தபோது அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

"எல்லாத்தையும் பறிக்கணுமா மாமா?"

"வுட்டா வெயில்ல வாடிப்பூடும் கண்ணு."

பறித்து முடித்ததும் சோதனை நடந்தது. ஊருக்கு ஒரு சோதனை.

அம்மா முறத்தைக் காட்டினாள். "பாருங்க, எறும்பு மொய்க்குது. விஷம்னா எறும்பு அண்டுமா?"

எத்திராஜ் மாமா ஒரு குடையின் மேல்தோலை நகத்தால் உரித்தார். "உரியுது பாரு. உரிஞ்சா நல்ல காளான்."

அனுசுயா அத்தை தன் வெள்ளிக் கொலுசைக் கழற்றி, இரண்டு துண்டுக் காளானோடு கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் எடுத்துப் பார்த்தாள். கொலுசு கறுக்கவில்லை. இன்னும் பளபளப்பாக இருந்தது.

"சுத்தமான காளானுங்க" என்று தீர்ப்புச் சொன்னாள். கொலுசும் சுத்தமாகிவிட்டதில் அவளுக்கு இரட்டைச் சந்தோஷம்.

கார்த்திகா கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு காளானை வாங்கிக்கொண்டாள். இருந்ததிலேயே பெரியது. வரைவதற்கு.

வீட்டில், புதிய வெள்ளை வரைதாளை மேசையில் விரித்தாள். காம்பைத் தனியாக எடுத்து வைத்தாள். குடையை மட்டும் கவிழ்த்தாற்போல் தாளின் மேல் வைத்தாள். பென்சிலைத் தேடித் திரும்புவதற்குள் எழில் நாக்கை நீட்டிக்கொண்டு மேசைக்கு அருகில் வந்துவிட்டான்.

"டேய்!"

"நக்கித்தான் பார்க்கப் போனேன். கடிக்கல."

அவள் ஒரு பெரிய எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்து, குடையின் மேல் கவிழ்த்து மூடினாள். அதற்குள் அம்மா குளிக்கக் கூப்பிட்டாள். பிறகு வீட்டுப்பாடம், சாப்பாடு. அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட். அவருக்கு டிபன் கட்டும் வேலையும் சேர்ந்துகொண்டது. வரைவதற்குக் கார்த்திகா மறுபடி உட்கார்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

கிண்ணத்தை எடுத்தாள். குடையை மெதுவாகத் தூக்கினாள்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

தாளில் ஏற்கெனவே யாரோ வரைந்துவிட்டிருந்தார்கள்!

நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அதிலிருந்து நாலா பக்கமும் ஓடும் கோடுகள். சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி, நூற்றுக்கணக்கில். பென்சிலை எவ்வளவு கூராகச் சீவினாலும் அத்தனை மெல்லிய கோடு வராது. ஒன்றுகூட இன்னொன்றைத் தொடவில்லை.

நிறம்? பச்சை! பாசி படிந்த சுவரின் மங்கலான பச்சை.

அவள் ஓர் ஓரத்தை விரலால் தொட்டாள். விரல் நுனியில் மாவு மாதிரிப் பச்சைத் தூள் ஒட்டியது.

"எழில்... இங்க வா. தொடாதே. மூச்சு விடாதே. பாரு."

எழில் வாயை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ஒரு பொருளைப் பார்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கவில்லை.

கீழ்வீட்டு ரேஷ்மா அக்கா, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் படிக்கிறாள். கார்த்திகா குடையையும் காம்பையும் தாளின் வெறும் ஓரத்தில் வைத்து, தாளை முறத்தைப்போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினாள். எழில் முன்னால் ஓடி, வழியில் இருந்த பூனையைக்கூட விலக்கினான்.

ரேஷ்மா அக்கா தாளைப் பார்த்ததும் பரீட்சைப் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"யார் சொல்லிக் கொடுத்தா இதை? எங்க லேப்ல நாங்களே இவ்ளோ அழகா எடுத்ததில்ல!"

"நான் எடுக்கலக்கா. அதுவே வரைஞ்சுக்கிச்சு."

"இது வெறும் தூள் இல்ல கார்த்திகா. இதுக்குப் பேர் வித்துத்தூள். காளானுக்கு விதை மாதிரி. இந்தத் தாள்ல மட்டும் கோடிக்கணக்குல இருக்கும்."

"கோடியா!"

"காத்துல பறந்து போகும். எங்க ஈரமும் சாப்பாடும் கிடைக்குதோ, அங்க முளைக்கும். நாம பார்க்கிற குடை இருக்கே, அது பழம் மாதிரிதான். மாமரத்துக்கு மாம்பழம் இருக்கிற மாதிரி."

"அப்போ மரம் எங்க?"

"மண்ணுக்குள்ள. வெள்ளை நூல் நூலா ஓடும். விழுந்த இலை, செத்த மரம் எல்லாத்தையும் தின்னு மண்ணாக்குறது அதுதான். அது இல்லேன்னா, விழுந்த மரமெல்லாம் விழுந்த இடத்துலயே மலை மாதிரிக் குவிஞ்சு கிடக்கும்." ரேஷ்மா எழிலின் காதைப் பிடித்தாள். "இந்தக் காதுல போன மாசம் வலின்னு அழுதியே, அப்போ குடிச்ச மருந்து எந்த வகை தெரியுமா? பென்சிலின் வகை. பென்சிலின் முதல்ல கிடைச்சதே ஒரு பூஞ்சையிலேர்ந்துதான். பூஞ்சை, காளான், பன்னை உப்ப வைக்கிற ஈஸ்ட் எல்லாம் ஒரே கூட்டம்."

எழில் யோசித்தான். "அப்போ நான் பன் சாப்பிட்டா, காளானோட சொந்தக்காரங்களைச் சாப்பிடறேனா?"

"ஆமாடா."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வி தானாக வந்தது. "அக்கா, இந்தக் காளானைச் சாப்பிடலாம்தானே?"

ரேஷ்மா அக்காவின் முகம் மாறியது.

"எனக்குத் தெரியாது. நான் படிக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமிங்களப் பத்தி. காளான்ல எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாத காளானைத் தொடலாம், பார்க்கலாம், வரையலாம். சாப்பிட மட்டும் கூடாது. இரு, எங்க மேடத்துக்கு அனுப்பிக் கேக்கிறேன்."

அவள் தாளையும் குடையையும் போனில் படமெடுத்து அனுப்பினாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை. எப்போ பார்ப்பாங்களோ" என்றாள் ரேஷ்மா.

அப்போதுதான் ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. வெங்காயம், தக்காளி, மிளகு, பட்டை. எத்திராஜ் மாமா சமைக்க ஆரம்பித்துவிட்டார்.

கார்த்திகா திரும்பிப் பார்த்தாள். எழிலைக் காணோம்.

தாளையும் காம்பையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியவள், படியில் ஒரு நொடி தயங்கினாள். இப்போது போய் நிறுத்தச் சொன்னால் கார்த்தி விருந்து கார்த்தியாலேயே கெட்டுவிடும். காலையில் கை தட்டியவர்கள் எல்லோரும் முறைப்பார்கள். மூன்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் தப்பாகவா சொல்வார்கள்?

'வைக்கப்போர் காளான்' என்றார் மாமா. 'புத்துக்காளான்' என்றாள் அத்தை. 'அரிசிக்காளான்' என்றாள் அம்மா.

கார்த்திகாவுக்குச் சட்டென்று உறைத்தது. மூன்று பேரும் ஒரே காளானைச் சொல்லவில்லையே!

அவள் பறந்தாள்.

மைதான ஓரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் குழம்பு தளதளவென்று கொதித்தது. பக்கத்து அடுப்பில், வாணலியில், காளான் துண்டுகள் தனியாக வதங்கிக்கொண்டிருந்தன. எத்திராஜ் மாமா ஒரு துண்டை எடுத்து ஊதி ஊதி ஆற்றி, எழிலின் கையில் வைத்தார்.

"உப்பு சரியா கீதா பாத்து சொல்லு நைனா."

எழில் வாயைத் திறந்தான்.

பளீர்! கார்த்திகா அவன் கையைத் தட்டிவிட்டாள். துண்டு புல்லில் போய் விழுந்தது.

எழில் கத்தி அழ ஆரம்பித்தான். எல்லோரும் திரும்பினார்கள்.

"ஏட்டி! சாப்பாட்டை இப்படியா தட்டிவிடுவ?" என்றாள் அம்மா.

"இது... இதைச் சாப்பிடக் கூடாதும்மா." கார்த்திகாவுக்கு மூச்சு வாங்கியது. "இது எந்தக் காளான்னு நமக்குத் தெரியாது."

எத்திராஜ் மாமாவின் மீசை துடித்தது. "இன்னா தெரியாது? நானு நடக்கத் தெரிஞ்ச நாள்லேந்து துன்றேன்! எனக்கே காளான் பாடமா?"

"கொலுசு கறுக்கலையே சாமி" என்றாள் அனுசுயா அத்தை.

"எறும்பு தின்னுச்சே" என்றாள் அம்மா.

கார்த்திகாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் பேசினாள்.

"எறும்பு செத்த கரப்பானைக்கூடத் தின்னுதும்மா. நாம திங்கிறோமா?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் வந்து அடங்கியது.

"அத்தை, கொலுசு வேர்வை பட்டாலும் கறுக்குதே, அப்போ வேர்வை விஷமா?"

அனுசுயா அத்தை குனிந்து தன் கொலுசைப் பார்த்தாள்.

"நல்லா பேசுறா" என்றார் எத்திராஜ் மாமா. "ஆனா வைக்கப்போர் காளான எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மாமா. உங்களுக்கு நல்லாத் தெரியும். அதான் உங்களையே கேக்குறேன். அது எப்படி இருக்கும்?"

கேட்ட விதத்தில் மாமா கொஞ்சம் இறங்கினார். "எப்டின்னா... மக்குன வைக்கோல்லதான் வரும். அடில ஒரு பை இருக்கும் பாரு, முட்ட ஒடஞ்ச ஓடு மாரி. அதுக்குள்ளேந்து காம்பு ஏறும்."

"அத்தை, உங்க புத்துக்காளான்?"

"கரையான் புத்துல மட்டுந்தான் கண்ணு வரும். புடுங்குனா வரவே வராது, வேரு மாதிரி நீளமா உள்ள போகும். மம்மட்டி வெச்சுத்தான் தோண்டோணும்."

"அம்மா, அரிசிக்காளான்?"

"சுண்டுவிரல் நகம் தண்டிதான் இருக்கும். அரிசியைக் கொட்டுன மாதிரி கும்பலா..." அம்மாவின் குரல் பாதியிலேயே தேய்ந்தது.

கார்த்திகா காலையில் எடுத்து வைத்த காம்பை நீட்டினாள்.

"இதுல பை இல்ல மாமா. வேரும் இல்ல அத்தை. காலைல லேசா இழுத்ததும் வந்துடுச்சு. இங்க வைக்கோலும் இல்ல, புத்தும் இல்ல. ஆனா கழுத்துல ஒரு மோதிரம் இருக்கு. மேலும் கீழும் நகருது. உங்க ஊர்க் காளான்ல மோதிரம் இருக்குமா?"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மாமா மோதிரத்தைக் கட்டைவிரலால் நகர்த்தினார். அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. மறுபடி நகர்த்தினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மாமா." அவள் வரைதாளைத் தரையில் விரித்தாள். "இது அந்தக் குடை கொட்டின தூள்."

எத்திராஜ் மாமா மண்டியிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர், மூக்கு தாளில் படும் அளவுக்குக் குனிந்தார்.

"தானாவா போட்ச்சு?"

"தானா."

"எம்மாடியோவ்... எங்க ஃபேக்டரி மிஷின்லகூட இவ்ளோ சன்னமா கோடு வராது." அவர் ஓர் ஓரத்தை விரலால் தொட்டு, விரல் நுனியைப் பார்த்தார். பிறகு, "பச்சத் தூளு நானு பாத்ததேயில்ல" என்றார்.

"நானும் பாத்ததில்லீங்க" என்றாள் அனுசுயா அத்தை.

அம்மாவும் தலையை ஆட்டினாள். "அப்போ இது யார் ஊர்க் காளான்?"

அழுகையை நிறுத்திவிட்டு எழில் மூக்கை உறிஞ்சினான். "நம்ம ஊர்க் காளான்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தப் பெரிய மைதானத்தை, இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

எத்திராஜ் மாமா எழுந்து போய், வாணலி இருந்த அடுப்பை அணைத்தார்.

அந்த நேரம் பார்த்து ரேஷ்மா அக்கா போனும் கையுமாக ஓடி வந்தாள். "பதில் வந்துடுச்சு! யாரும் சாப்பிடலையே? மேடம் எழுதியிருக்காங்க: சாப்பிடவே கூடாது. புல்தரையில வர்ற விஷக்காளான். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல கடுமையான வாந்தியும் வயித்துப்போக்கும் வரும். சின்னக் குழந்தைங்களுக்கு ரொம்ப ஆபத்து. வித்துத்தூள் பச்சையா இருக்கிறதுதான் இதோட அடையாளமாம்."

மாமா தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். எழிலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதத் துண்ட இவனுக்கில்ல குட்தேன்..."

எழில் அவர் மீசையைத் தடவினான். "நான் திங்கல மாமா. அக்கா விடல."

"பச்சைத் தூள் இல்லேன்னா எல்லாம் நல்ல காளானா ரேஷ்மா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்ல ஆன்ட்டி. வெள்ளைத் தூள் கொட்டுறதுலயும் விஷம் இருக்கு. வளர்த்து விக்கிறதை வாங்கிச் சாப்பிடலாம். தானா முளைச்சதைப் பார்த்து ரசிக்கலாம். அவ்ளோதான்."

மாமா தலையைக் குனிந்தபடியே இருந்தார். பாய்கள் விரித்தாகிவிட்டது. தட்டுகள் அடுக்கியாகிவிட்டது. பெரிய பாத்திரத்தில் குழம்பு மட்டும், போட ஒன்றும் இல்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது.

கார்த்திகா அவர் அருகில் போய் நின்றாள்.

"மாமா, உங்க மசாலா வாசனை மாடி வரைக்கும் வந்துச்சு. அதுல கடைக் காளானைப் போட்டா நல்லா இருக்காதா?"

மாமா நிமிர்ந்தார். "கட காளானா? டப்பால போட்டு விக்கிறானே, அதுவா? அத்தப் போயி..." பாதியில் நிறுத்திக்கொண்டார். கார்த்திகாவைப் பார்த்தார். அவளுடைய கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. "நம்ம கையில வந்தா அதுவும் பேசும் கண்ணு. ஏ நைனா, வண்டில ஏறு! மார்க்கெட்டுக்கு வுடுறோம்!"

பைக் கிளம்பியது. பின்னால் உட்கார்ந்த எழிலின் கத்தல், தெரு முனை வரை கேட்டது. "சிப்பிக் காளான் வாங்கலாம் மாமா! நான் இன்னும் அதைச் சாப்பிட்டதே இல்ல!"

அம்மா வாணலியைத் தேய்க்கக் கொண்டுபோனாள். பறித்த காளான்களை நாய், ஆடு தின்றுவிடாமல் புதைத்துவிடலாம் என்றாள் ரேஷ்மா அக்கா. எங்கே புதைப்பது என்று கார்த்திகா யோசிக்கவே இல்லை. வந்த இடத்திலேயேதான்.

அனுசுயா அத்தை மண்வெட்டி எடுத்து வந்து, வட்டத்தின் நடுவில் ஒரு வெட்டு வெட்டினாள்.

"இதென்ன, கேக்கு மாதிரி இறங்குது!"

மண் கறுகறுவென்று இருந்தது. மழை வாசம் வீசியது. இரண்டாவது வெட்டில் ஒரு கட்டை வந்தது. கார்த்திகா கையில் எடுத்தாள். கட்டை, பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில், உள்ளே, வெள்ளை நூல்கள். பஞ்சைப் பிரித்தாற்போல், சிலந்தி வலையைவிட மெல்லியதாக, கட்டைக்குள் புகுந்து, மண்ணுக்குள் புகுந்து, எங்கோ போய்க்கொண்டிருந்தன.

"மரம்!" என்று கிசுகிசுத்தாள் கார்த்திகா. "ரேஷ்மாக்கா, நீங்க சொன்ன நூல்!"

வாணலியோடு வந்த அம்மாவும் எட்டிப் பார்த்தாள்.

"இங்கதான் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்னுச்சு. இந்த மைதானம் பூரா நிழல். நீ கைப்பிள்ளையா இருக்கும்போது அடிச்ச புயல்ல சாஞ்சுட்டு. மேல கிடந்ததை அறுத்துக் கொண்டுபோனாங்க. வேரை அப்படியே மண்ணு போட்டு மூடிட்டாங்க."

கார்த்திகா கையிலிருந்த தூளைப் பார்த்தாள். ஒரு பெரிய மரம். லாரியில் ஏற்ற முடியாமல் விட்டுவிட்ட வேர். அதைச் சத்தமே இல்லாமல், அவள் தவழ்ந்தபோதும், நடந்தபோதும், இறகுப்பந்து ஆடியபோதும், கீழே யாரோ தின்று தின்று மண்ணாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சட்டென்று அவள் எழுந்தாள். நடுவில் இருந்து விளிம்பைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பினாள். இந்தப் பக்கம் திரும்பினாள்.

"யாரும் கயிறு பிடிக்கலக்கா!"

"என்ன கயிறு?" என்றாள் ரேஷ்மா.

"நடுவுல ஆரம்பிச்சு, எல்லாப் பக்கமும் ஒரே வேகத்துல நடந்துக்கிட்டே போனா வட்டம்தானே வரும்? கீழ அது நடந்துக்கிட்டே இருக்கு. எது வரைக்கும் போயிருக்கோ, அங்க குடை பிடிச்சிருக்கு!"

ரேஷ்மா அக்கா வட்டத்தின் விளிம்பைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்போ அடுத்த வருஷம் வட்டம் இன்னும் பெரிசா வரும்."

இருவரும் தங்கள் காலடியைப் பார்த்துக்கொண்டார்கள். அவசரமாக ஆளுக்கு ஓர் ஓரமாக நகர்ந்து நின்றார்கள்.

விருந்து நடந்தது. சிப்பிக் காளான் குழம்புக்கு எட்டு ஊர்க்காரர்களும் ஒரே ஊர்ப் பேச்சில், "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டார்கள். எழில் நான்கு முறை கேட்டான். காளான் மட்டும் இல்லை, கடைசியில் பாத்திரமும் காலி.

அடுத்த வாரம் மறுபடி மழை பெய்தது. வட்டத்தில் புதுக் குடைகள் எழுந்தன. இந்தமுறை யாரும் முறம் எடுத்து வரவில்லை. பக்கத்து பிளாக்கிலிருந்துகூட ஆட்கள் வந்து, ஓரமாக நின்று, தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள்.

மாலையில் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்தார்கள். முதல் பந்தே வட்டத்தை நோக்கி உருண்டது. ஒருவன் துரத்திக்கொண்டு ஓடினான்.

"ஏய்ய்!"

ஷிஃப்ட் முடிந்து வந்த எத்திராஜ் மாமா, சட்டைகூட மாற்றாமல், வட்டத்துக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.

"அப்டி சுத்திக்கினு போங்கடா! மிதிக்காதீங்க! கீழ வேல நடந்துகினு கீது!"